நாலாவது ஆளா வந்த பெரியவரு

எலந்தக்காட்டுப் புதூர்ல புத்திங்கறது கெணத்துத் தண்ணி மாதிரிங்க. உள்ள இருக்குன்னு எல்லாருமே சொல்லுவாங்க. எறைச்சுப் பார்த்தவன்தான் ஒருத்தனும் இல்லை.

அந்த ஊர்ல காரியப்பன்னு ஒருத்தன். முப்பத்தாறு வயசு. நாலு ஏக்கர் மஞ்சக்காடு, ரெண்டு எருமை, ஒரு அம்மா. கல்யாணம் மட்டும் ஆகலை. பதினாறு எடத்துல பொண்ணு பார்த்தாச்சு. பதினாறும் காபியோட சரி.

பையன் மேல குத்தம் சொல்ல முடியாதுங்க. சொன்ன சொல்லு தட்டாதவன். மொத எடத்துல பொண்ணோட அப்பா, "வாங்க மாப்ள, உங்க வீடா நெனைச்சுக்குங்க"ன்னாரு. இவன் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, பாயை விரிச்சுப் படுத்து, சாயங்காலம் எந்திரிச்சு, "யாரு நீங்கெல்லாம், என் வீட்ல?"ன்னு கேட்டான். அஞ்சாவது எடத்துல, "எதுனாலும் கூச்சப்படாமக் கேளுங்க"ன்னாங்க. இவன் வாசல்ல நின்ன செவலைக் கன்னுக்குட்டியைக் கேட்டான்.

பதினேழாவதா மணத்திட்டுல ஒரு பொண்ணு இருக்குன்னு தரகர் வந்து சொன்னாரு. சொல்லும்போதே, "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் உங்க ஊரு இருக்கற தெசையில தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்"னுட்டாரு. அம்மா அதுக்கும் மேல. "இதுதாண்டா கடைசி. இதுவும் ஆகலைன்னா எருமையை ஓட்டிக்கிட்டு உன் அக்கா வீட்டுக்கே போயிருவேன். நீ ஒத்தையிலயே பொங்கித் தின்னுக்கோ"ன்னுட்டா. காரியப்பனுக்கு அன்னைக்குச் சோறு எறங்கலைங்க. அவன் ஒண்ணும் ரதியைக் கேக்கலை. சோறு போட்டா, எதுத்தாப்ல உக்காந்து சாப்பிட ஒரு ஆளு வேணும். அவ்வளவுதான் ஆசை.

மணத்திட்டு ஆத்தோட போனா கீழ்ப்பக்கம் இருக்குது. பொண்ணு வீட்ல இருந்து தரகர்கிட்டச் சொல்லி விட்டிருந்தாங்க: "வெள்ளிக்கெழமை வாங்க. ராகு காலம் பன்னெண்டுக்குத்தான் முடியுது, அதுக்கு முன்னாடி வாசப்படி மிதிச்சுராதீங்க. ஒண்ணரைக்கு மேல தாமசம் பண்ணிராதீங்க. அதுவரைக்கும் பரிசல்ல மெதுவா வேடிக்கை பார்த்துக்கிட்டு, அங்கங்க எறங்கி ஏறி வாங்க. நாலு பேரு வந்தாப் போதும், சமையலு அளவாத்தான்."

காரியப்பன் ஒண்ணு. அவன் சித்தப்பன் பொங்கியண்ணன் ரெண்டு. மாமன் மகன் செங்கோடன் மூணு. நாலாவதா வரதுக்கு ஊர்ல ஒருத்தனும் தயாரா இல்லை. பதினாறு எடத்துல இவங்களோட போனவங்க யாரும் பதினேழாவதா வெளியில தலைகாட்ட விரும்பலை.

"இப்பத்தான் வெளங்குது"ன்னாரு பொங்கியண்ணன். "பதினாறு எடமும் ஏன் தட்டுச்சு? ஒவ்வொரு தடவையும், கூட வந்தவன் பாதியில ஓடிப்போயி, நாம மூணு பேராத்தானே வாசப்படி மிதிச்சோம்? நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போனா வெளங்குமா?"

அதுக்கு வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. மூணு பேராப் போக வேண்டி வந்தா, கையில ஒரு கல்லை எடுத்துக்கிட்டாப் போதும். அது நாலாவது ஆளுக்குச் சமம். நம்மளாட்ட ஆளுங்க கூழாங்கல்லு ஒண்ணை மடியில போட்டுக்கிட்டுப் போயிருவோம்.

செங்கோடனும் கூழாங்கல்லுதான் கொண்டாந்தான். பொங்கியண்ணன் ஏத்துக்கலை. "ஆளுக்குப் பதில் ஆளுன்னா, ஆளு கனம் வேண்டாமா? இதைக் கொண்டுபோனா சின்னப் பையனைக் கூட்டியாந்திருக்காங்கன்னு மதிக்க மாட்டாங்க."

அதனால வாய்க்கால்ல கெடந்த உருண்டைக் கல்லு ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. பூசணிக்காத் தண்டி. வழுவழுன்னு இருந்துச்சு.

"இவருக்கு என்ன வயசு இருக்கும்?"னு காரியப்பன் கேட்டான்.

"எங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே இங்க கெடக்கறாரு"ன்னாரு பொங்கியண்ணன். "மரியாதையாப் பேசு."

அன்னையிலிருந்து அவரு பேரு பெரியவரு.

வெள்ளிக்கெழமை காலைல பெரியவரை ஒரு துண்டுல கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, மூணு பேரும் ஆத்துக்கு வந்தாங்க. பரிசல்காரர் கெம்பண்ணன். முப்பது வருசமாப் பரிசல் போடறவரு. அவரு துண்டைப் பார்த்தாரு, கல்லைப் பார்த்தாரு, மூஞ்சிகளைப் பார்த்தாரு. ஏறும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "கனம் ஒரு பக்கம் சாய்ஞ்சா கவுந்துரும் சாமி. ஒருத்தரு இந்தப் பக்கம் எறங்கினா, எதிர்ப்பக்கம் ஒருத்தரு எறங்கணும். மறந்துராதீங்க."

"உசுரே போனாலும் மறக்க மாட்டோமுங்க"ன்னான் காரியப்பன்.

பரிசல் கெளம்புச்சு. அந்தக் குளுகுளு காத்தும், ரெண்டு கரையிலயும் வாழையும் கரும்பும், தண்ணிக்குள்ள மீனு துள்றதும்... பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். இவங்க பார்க்கலைங்க. வேற வேலை வந்துருச்சு.

"பெரியவரை முன்னாடி உக்கார வைக்கறதுதானே மரியாதை?"ன்னாரு பொங்கியண்ணன்.

வெச்சாங்க. பரிசல்தான் கூடையாட்ட வட்டமாச்சே, மெதுவாச் சுத்துச்சு. பெரியவரு பின்னாடி போயிட்டாரு. தூக்கி மறுபடி முன்னாடி வெச்சாங்க. மறுபடி சுத்துச்சு.

"பரிசலுக்கு முன்னேது பின்னேதுங்க? வட்டமால்ல இருக்குது!"ன்னாரு கெம்பண்ணன்.

"போற பக்கம் முன்னாடி, வந்த பக்கம் பின்னாடி. இதுகூடத் தெரியாம முப்பது வருசமா ஓட்டறீங்களே"ன்னு பொங்கியண்ணன் பாவப்பட்டாரு.

அரை மணி நேரத்துல கெம்பண்ணன் துடுப்பு போட்டதைக் காட்டியும் செங்கோடன் கல்லு நகத்துனதுதான் சாஸ்தி.

மொதல்ல வந்தது ஒரு கோயில் படித்துறை. ஒசரமான கோபுரம். "எறங்கிப் பார்த்துட்டு வாங்க"ன்னாரு கெம்பண்ணன். செங்கோடன் படியில கால வெச்சான். அதே நேரத்துல எதிர்ப்பக்கம் இருந்த பொங்கியண்ணன் வேட்டியோட, சட்டையோட, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே ஆத்துக்குள்ள எறங்கினாரு. தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துச்சு.

"சாமி! கரை அந்தப் பக்கமுங்க!"

"தெரியுதுங்க. கவுந்துரக் கூடாதில்லைங்களா."

மிச்சம் காரியப்பனும் பெரியவரும், எதிரெதிர்ல. ஒருத்தரு கரையில எறங்கினா ஒருத்தரு தண்ணியில எறங்கியாகணும். காரியப்பன் யோசிச்சான். மாப்பிள்ளைக்கு வெச்சிருந்த ஒரே பட்டுச் சட்டை அது. ஆனா வயசானவரைத் தண்ணியில தள்ளிட்டு நாம கரையேறறதா? பெரியவரைச் செங்கோடன் கையில குடுத்துட்டு, இவன் முதுகுப்பக்கமா ஆத்துல விழுந்தான்.

கோயிலுக்குள்ள பூசாரி திருநீத்துத் தட்டை நீட்டினாரு. மூணு பேரும் பூசிக்கிட்டாங்க. "பெரியவருக்குங்க"ன்னு கல்லை நீட்டினான் செங்கோடன்.

பூசாரி ஒரு நிமிசம் பார்த்தாரு. "நெத்தி எங்கப்பா?"

மூணு பேரும் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. பெரியவருக்கு எல்லாப் பக்கமும் நெத்தியாட்டத்தான் இருந்துச்சு. கடைசியில பொங்கியண்ணன்தான் தீர்த்து வெச்சாரு. "எந்தப் பக்கம் பூசறமோ அதுதான் நெத்தி."

பட்டை போட்டதும் பெரியவருக்கு ஒரு மொகக்களை வந்துருச்சுங்க. கோபுரத்தைப் பார்த்தாப்ல உக்கார வெச்சாங்க. வெச்சுட்டுக் காத்திருந்தாங்க.

"பார்த்துட்டாரா?"ன்னான் செங்கோடன்.

"இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருக்காரு"ன்னான் காரியப்பன். "அவசரப்படுத்தாதே மச்சா. நம்மளாட்ட அரைகுறையாப் பார்க்கறவரு இல்லை."

பரிசல்காரர் வந்து கத்துற வரைக்கும் பெரியவரு கோபுரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

அடுத்தாப்ல ஒரு பழைய கல்லுப் பாலம். பாலத்தடியில ராமாயின்னு ஒரு அக்கா டீக்கடை வெச்சிருந்துச்சு. அங்க எறங்கும்போது தண்ணியில எறங்கற மொறை செங்கோடனுக்கும் வந்துச்சு. ஈரம் சொட்டச் சொட்ட வந்து உக்காந்து, "அக்கா, நாலு டீ!"ன்னான்.

"மூணு பேருதானே இருக்கீங்க?"

"ஐயோ! அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"ன்னு காரியப்பன் காதைப் பொத்திக்கிட்டான். பொங்கியண்ணன் வெவரத்தைச் சொன்னாரு.

ஓரமா நின்ன கெம்பண்ணனுக்குப் பொறுக்கலை. "ஏனுங்க, என்னையும் எண்ணினா நீங்க மொதல்லயிருந்தே நாலு பேருதானுங்களே? எதுக்குங்க கல்லு?"

பொங்கியண்ணன் வெரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாரு. "தப்புங்களே. உங்களையும் எண்ணினா பெரியவரோட சேர்த்து அஞ்சாயிருது. சமையலு நாலு பேருக்குத்தான்."

நாலு டீ வந்துச்சு. பெரியவரு முன்னாடி ஒண்ணை வெச்சாங்க. அவரு தொடலை.

"ஏன் குடிக்க மாட்டேங்கறாரு?"ன்னு காரியப்பனுக்குக் கவலை. "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையே சித்தப்பா. ஒடம்புக்கு ஏதாச்சும்..."

"சூடு ஆறட்டும்னு இருக்காருடா."

ஆறுச்சு. அப்பவும் குடிக்கலை. காரியப்பன் டம்ளரை எடுத்து, பதமா, கொஞ்சம் கொஞ்சமா உச்சியில ஊத்தினான். சொட்டு மிச்சமில்லாம ஊத்திட்டு, தன் துண்டால வாயைத் தொடைச்சு விட்டான். அந்தக் கடையில அன்னைக்கு டீ கெடைக்காத ஒரே ஆளு கெம்பண்ணன்தான்.

ராமாயக்கா இதையெல்லாம் இடுப்புல கை வெச்சுக்கிட்டுப் பார்த்துச்சு. "மாப்ள நீதானாப்பா? பொண்ணு வீட்ல போயி மொகத்தைக் காட்டிக்கிட்டு உக்காந்திராதே சாமி. தலையைக் குனிஞ்சுக்கிட்டே இரு. நிமிந்து பார்க்காதே. தானா முடியும்."

"எப்ப நிமிரலாமுங்கக்கா?"

"தாலி கட்டறப்ப நிமிந்தாப் போதும்."

"எங்களுக்குமுங்களா?"ன்னாங்க மத்த ரெண்டு பேரும்.

"அங்க இருக்கற வரைக்கும் நீங்களும்தான். அதான் எல்லாருக்கும் நல்லது"ன்னு சொல்லி டம்ளரைக் கழுவப் போயிருச்சு.

வெயிலு ஏறிருச்சு. நடு ஆத்துல ஒரு கல்லுத் திட்டு வந்துச்சு. கெம்பண்ணன் மனசு எறங்கி, "மணி பதினொண்ணுதான் இருக்கும். இங்க நல்லாக் குளிச்சு, தொவட்டிக்கிட்டு, மனுசனாட்டப் போலாமுங்க"ன்னாரு.

குளிச்சாங்க. பெரியவரையும் முதுகு தேச்சுக் குளிப்பாட்டினாங்க. வெயில்ல காயட்டும்னு திட்டு மேல உக்கார வெச்சுட்டு, வேட்டியைப் பிழிஞ்சு கட்டிக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாங்க.

திட்டு பூராவும் உருண்டைக் கல்லு. பூசணிக்காத் தண்டி. வழுவழுன்னு.

திருநீறும் போயிருச்சு.

"பெரியவரே!"ன்னு காரியப்பன் கூப்பிட்டான். காத்துதான் அடிச்சுது.

"இப்படிக் கூப்பிட்டா எப்படிடா? இங்க எல்லாருமே பெரியவங்களாட்டத்தான் தெரியறாங்க"ன்னாரு பொங்கியண்ணன்.

செங்கோடன் ஒரு ரோசனை சொன்னான். "நம்மாளு வாயே தொறக்காதவரு. ஒவ்வொருத்தரா விசாரிப்போம். எவரு பேசலையோ, அவருதான்."

நல்ல ரோசனைன்னு ஆளுக்கொரு பக்கமாப் போனாங்க. "ஏனுங்க, நீங்க எலந்தக்காட்டுப் புதூருங்களா?" "பரிசல்ல வந்தீங்களாங்க?" "டீ குடிச்சீங்களாங்க?" முக்கால் மணி நேரம் விசாரிச்சாங்க. ஒருத்தரும் பேசலை.

"அப்படின்னா எல்லாருமே நம்மாளுதான்"ன்னான் செங்கோடன், வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு.

காரியப்பன் தலையில கைய வெச்சு உக்காந்துட்டான். கண்ணு கலங்கிருச்சு. "மூணு பேராப் போயி நின்னா இதுவும் போச்சு சித்தப்பா. அம்மாவும் போயிருவா. எருமையும் போயிரும். அப்புறம் நான் செவுத்தைப் பார்த்துத்தான் சோறு திங்கணும்."

அவன் அழுதா பொங்கியண்ணனுக்குத் தாங்காதுங்க. எந்திரிச்சு நின்னாரு. "அழுவாதே கண்ணு. நம்மாளு இதுக்குள்ளதானே இருக்காரு? எல்லாத்தையும் ஏத்து. அவரும் வந்துருவாரு."

பூசணிக்காத் தண்டி இருந்ததெல்லாம் ஏத்தினாங்க. முப்பத்தொண்ணு. பரிசல் விளிம்பு தண்ணியை முத்தம் குடுத்துச்சு.

"முழுகிரும்!"னு அலறுனாரு கெம்பண்ணன். "ஒண்ணு நீங்க வாங்க, இல்லைன்னா கல்லு வரட்டும். ரெண்டும் வராது!"

மூணு பேரும் கூடிப் பேசுனாங்க. இதுல பேசறதுக்கு என்ன இருக்குது? முப்பத்தொரு பெரியவங்களை வெயில்ல விட்டுட்டு வாலிபப் பசங்க உக்காந்து போறதா? மூணு பேரும் தண்ணியில எறங்கி, விளிம்பைப் புடிச்சுக்கிட்டு மெதந்துக்கிட்டே வந்தாங்க. கல்லுங்கெல்லாம் ஜம்முன்னு உக்காந்து வந்துச்சு.

பாதி வழியில கெம்பண்ணன் நைசா ஒரு கல்லைக் காலால உருட்டி ஆத்துல விட்டாரு. "ஐயோ, பெரியவரு தவறி விழுந்துட்டாரு!"ன்னு செங்கோடன் முங்கினான். ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தான். கையில ரெண்டு கல்லு.

"ரெண்டு எப்படிடா?"

"கூட ஒருத்தரு முழுகிக் கெடந்தாரு, பாவம்."

அதுக்கப்புறம் கெம்பண்ணன் ஒண்ணையும் உருட்டலை.

மணத்திட்டுப் படித்துறையில பொண்ணோட அப்பா நல்லமுத்து சொம்புத் தண்ணியோட நின்னுக்கிட்டு இருந்தாரு. ஒண்ணரை அடிக்கக் கால் மணி இருந்துச்சு. பரிசல் வந்துச்சு. உள்ள முப்பத்திரெண்டு கல்லு. வெளிய தண்ணிக்கு மேல மூணு தலை. மூணும் குனிஞ்சிருந்துச்சு.

"நாலு பேருன்னுதானே சொல்லிவிட்டோம்?"ன்னாரு நல்லமுத்து.

"நாலு பேருதானுங்க"ன்னாரு பொங்கியண்ணன், தண்ணியைப் பார்த்துக்கிட்டே. "நாங்க மூணு. நாலாவது ஆளு இதுக்குள்ள இருக்காரு. எவருன்னுதான் தெரியலை."

வேற ஆளா இருந்தா சொம்பைத் தலையில போட்டிருப்பாங்க. நல்லமுத்து அப்படியே நின்னு யோசிச்சாரு. "மூணு பேராக் கெளம்பாம வந்தீங்களே, அதுவே பெருசு. இந்தக் காலத்துல மொறை தெரிஞ்ச குடும்பம் எங்கீங்க கெடைக்குது?"

கெம்பண்ணன் துடுப்பைக் கீழ போட்டுட்டு உக்காந்துட்டாரு.

கல்லுங்களை எறக்கிப் படியில வரிசையா உக்கார வெச்சாங்க. அளவுச் சமையலாச்சே, ஒருத்தரைத்தான் வீட்டுக்குள்ள விட முடியும். எவருன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள ஒண்ணரை அடிச்சுருமேன்னு காரியப்பன் ஒவ்வொரு கல்லாத் தடவிப் பார்த்தான்.

மேல்படியில இருந்து ஒரு பொண்ணு குரலு. "நான் வேணாப் பார்க்கட்டுங்களாப்பா?"

"வா அம்மிணி. அவங்க உன்னைப் பார்க்க வந்தாங்க, நீயும் அவங்களைப் பாரு."

காரியப்பன் நிமிரலை. ரெண்டு பாதம் மட்டும் தெரிஞ்சுது. மஞ்சப் பூசின பாதம், பழைய வெள்ளிக் கொலுசு. அது கல்லு வரிசையோரம் நிதானமா நடந்து வந்துச்சு. இருவத்தாறாவது கல்லுகிட்ட நின்னுச்சு.

"இவருதான்."

"எப்படி அம்மிணி கண்டே?"

"மத்தவங்கெல்லாம் குந்தின எடத்துலயே குந்தியிருக்கற ஆளுங்கப்பா. இவருக்குத்தான் வழிநடந்த அசதி மொகத்துல தெரியுது."

அடேயப்பான்னு இருந்துச்சு காரியப்பனுக்கு. மூணு பேரு முக்கால் மணி நேரம் விசாரிச்சும் தெரியாதது, பார்த்த ஒடனே தெரிஞ்சிருச்சே! கட்டினா இந்தப் பாதத்தைத்தான் கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டான்.

உள்ள நாலு எலை. நாலாவது எலையில பெரியவரு. பந்தி முடிஞ்சு, காபி வந்துச்சு. வழியில நடந்ததையெல்லாம், டீ ஊத்துனது வரைக்கும், செங்கோடன் தரையைப் பார்த்துக்கிட்டே கதையாச் சொன்னான். நல்லமுத்து தொண்டையைச் செருமினாரு.

"பெரியவரு உங்களுக்கு என்ன ஒறவுங்க?"

"எங்களுக்கெல்லாம் மூத்தவருங்க"ன்னாரு பொங்கியண்ணன்.

"அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"அந்த... அந்தப் பேச்சு இதுவரைக்கும் யாரும் எடுக்கலைங்க."

நல்லமுத்து துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "அதெப்படிங்க? மூத்தவரு கல்யாணமாகாம உக்காந்திருக்கறப்ப எளையவனுக்கு நான் எப்படிங்க பொண்ணு குடுக்கறது? நாலு பேரு என்ன கேப்பாங்க?"

காரியப்பன் காபி டம்ளரைக் கீழ வெச்சான். பதினேழாவதும் போச்சு. அதுவும் ஒரு ஞாயமான காரணத்துக்காகப் போச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "ஏனுங்க, உங்க பக்கத்துல அவருக்குத் தோதா ஏதாச்சும் எடம் இருந்தா..."ன்னு இழுத்தான்.

"எங்க வீட்ல அம்மிக்கல்லு இருக்குது"ன்னாரு நல்லமுத்து.

"அதுதான் குழவியோட குடும்பம் நடத்துதேப்பா"ன்னு உள்ள இருந்து அந்தப் பொண்ணு.

"ஆட்டுக்கல்லு?"

"அதுவும் அப்படித்தான்."

"அப்போ படித்துறையில தொவைக்கற கல்லு இருக்குது. ஒண்டிக்கட்டை. ஊரே அடிச்சுத் தொவைச்சாலும் ஒரு சொல்லு எதுத்துப் பேசுனது கெடையாது. ஒண்ணே ஒண்ணுதான், அது எடத்தை விட்டு நகராது. உங்க பெரியவருதான் வீட்டோட மாப்பிள்ளையா வரணும்."

பொங்கியண்ணனுக்கு மீசை துடிச்சுது. "எங்க பெரியவரு வீட்டோட மாப்பிள்ளையா? எலந்தக்காட்டுப் புதூரு மானம் என்னங்க ஆகுறது?"

"சித்தப்பா"ன்னான் காரியப்பன், கெஞ்சற குரல்ல. "அவரு ஒரு வார்த்தை மறுத்துப் பேசுனாரா பாருங்க. அவருக்கே சம்மதம்னா நமக்கென்னங்க?"

எல்லாரும் பெரியவரைப் பார்த்தாங்க. அவரு மறுத்துப் பேசலை. முடிஞ்சுது.

அவரைப் படித்துறைக்குத் தூக்கிட்டுப் போயி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, பூ வெச்சு, தொவைக்கற கல்லுப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. பொருத்தம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. எல்லாம் முடியும்போது ஒண்ணரை தாண்டிருச்சு. "தம்பி விசயத்தை அடுத்த வெள்ளிக்கெழமை வந்து பேசிக்கலாம். நம்பி வாங்க"ன்னாரு நல்லமுத்து. காரியப்பனுக்கு உசுரு வந்துச்சு.

கெளம்புனாங்க. அப்பத்தான் நல்லமுத்து பதறுனாரு. "நில்லுங்க நில்லுங்க! இப்ப நீங்க மூணு பேராச்சே! சம்மந்தம் பேசி முடிச்ச வீட்ல இருந்து மூணு பேரா எறங்கிப் போறதா? இருங்க, வீட்ல இருந்து ஒரு ஆளைத் தொணைக்கு அனுப்பறேன்."

வீட்ல இருந்தது ஒரே ஒரு ஆளுதாங்க. துணிமூட்டையோட வந்து பரிசல்ல ஏறுச்சு. வேற யாரு, அந்தப் பொண்ணு பாவாத்தாதான். கல்லுக்கிட்ட நின்ன அதே கொலுசு.

பெரியவரு மொகத்தை நெனைச்சு மூணு பேரும் கரைப்பக்கமாத் திரும்பி, குனிஞ்சபடியே மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தாங்க. கெம்பண்ணன் அந்தப் பொண்ணுகிட்ட மெதுவாக் கேட்டாரு. "ஏன் அம்மிணி, உங்கப்பந்தான் அப்படின்னா, உனக்குமா?"

"பதிமூணு பேரு வந்தாங்கண்ணா"ன்னா பாவாத்தா. "சந்தையில மாடு பார்க்கறாப்ல ஏற எறங்கப் பார்த்துட்டுப் போனாங்க. இந்த ஆளு ஒரு தடவைகூட நிமிரலை. கல்லு டீ குடிக்கலைன்னு கவலைப்பட்டவரு, நான் சோறு திங்காம இருந்தா கேக்காம இருப்பாரா?"

கெம்பண்ணன் துடுப்பை எடுத்துக்கிட்டாரு. ஆத்து ஏத்தத்துல பரிசல் போகாதுங்களே, அக்கரையில எறக்கி விட்டாரு. அங்கிருந்து பஸ்ஸு. கண்டக்டரு எத்தனை பேருன்னாரு. "நாலு!"ன்னான் காரியப்பன், பஸ்ஸுக்கே கேக்கறாப்ல. தலை மட்டும் நிமிரலை. தாலி கட்டறதுக்கு இன்னும் நாளிருக்குதே.

வாசல்லயே அம்மா நின்னுக்கிட்டு இருந்தா. "என்னடா ஆச்சு? பொண்ணு எப்படி?"

"பாதம் ரெண்டும் நல்லா இருக்குதும்மா. மத்ததெல்லாம் இனிமேத்தான் பார்க்கணும். நம்ம பெரியவரு கல்யாணத்துலயே பொழுது போயிருச்சு. அடுத்த வெள்ளிக்கெழமை மறுபடியும் போறோம். இந்தத் தடவை கல்லெல்லாம் வேண்டாம். இந்த அம்மிணியை நாலாவது ஆளாக் கூட்டிட்டுப் போறோம்."

"நீ யாரு கண்ணு?"ன்னு அம்மா கேட்டா.

"மணத்திட்டுங்க."

"கேட்டியாம்மா?"ன்னான் காரியப்பன், தரையைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே. "கொலுசுதான் ஒண்ணுன்னா, குரலு கூட அச்சு அசல் அந்தப் பொண்ணு குரலுதான். ஒரே ஊர்த் தண்ணி!"

பாவாத்தா துணிமூட்டையைக் கீழ வெச்சா. "வரதுக்கென்னங்க, வரேன். ஆனா நான் உங்களோட உக்காந்துக்கிட்டா, உள்ள இருந்து காபி கொண்டாரது யாருங்க?"

மூணு பேரும் அங்கயே வட்டமா உக்காந்து யோசிச்சாங்க. ரொம்ப நேரம் யோசிச்சாங்க. கடைசியில பொங்கியண்ணன்தான் வழி கண்டுபுடிச்சாரு.

"இதுக்கென்ன அம்மிணி கவலை? மொதல்ல நீ எங்களோட உக்காந்து பொண்ணை நல்லாப் பாரு. உனக்குப் புடிச்சிருந்துச்சுன்னா, எந்திரிச்சு உள்ள போயி காபியைக் கொண்டா."